சுவரில் தெரிந்த முதுகு

அத்தியாயம் 11

மூன்று வாரத்துக்கு முன்னால் லேடி டாக்டர் ஜானகியம்மாள் கொன்னக்காட்டுக்கு வந்து போனதிலிருந்து சௌந்திரத்தின் தூக்கத்தில் கண்ணாடிப் புட்டிகள் வந்துகொண்டிருந்தன. ஊரின் ஏழு கிணற்றிலும் தண்ணீர் மொண்டு, புட்டியில் அடைத்து, சீட்டு ஒட்டிக்கொண்டு போனார் அந்த அம்மாள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு சௌந்திரத்தின் அப்பா சின்னண்ணக் கவுண்டரைச் சேலத்துக்கு வரவழைத்து எக்ஸ்ரே பிடித்தார்கள். படத்தைக் கண்ணில் காட்டவில்லை. டாக்டர்களின் மாநாடு ஒன்று நடக்கப்போகிறது, அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த மாநாடு இன்றைக்கு.

கவுண்டருக்கு நாற்பத்தெட்டு வயது. ஏழெட்டு வருஷமாக முதுகு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்து, இப்போது பலகை மாதிரி ஆகிவிட்டது. கழுத்து திரும்பாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் ஆளே திரும்ப வேண்டும். பூசாத எண்ணெய் இல்லை, வைக்காத ஒத்தடம் இல்லை, வேண்டாத சாமி இல்லை.

சௌந்திரத்துக்குப் பதினேழு வயது. அவளுக்கு முதுகு நேராகத்தான் இருந்தது. பல்தான் குறை. முளைக்கும்போதே சுண்ணாம்புத் திட்டும் காவிக் கோடுமாக முளைத்த பல். வேப்பங்குச்சி, உமிக்கரி, எதற்கும் அது மசியவில்லை. அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தால் சேலைத் தலைப்பு முந்திக்கொள்ளும். வெள்ளிக்கிழமை சேந்தமங்கலத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

புறப்படும்போது அம்மா வள்ளியாத்தாள் வாசல் வரைக்கும் வந்தாள்.

"அம்மிணி, அங்க போயி வாயத் தொறந்துக்கிட்டு நிக்காத. நாலு சீமைக்காரங்க வந்து போற எடம். வெள்ளிக்கெழமை தாண்டற வரைக்கும் பொத்திக்கிட்டு இரு."

"அப்பா முதுகைத்தானுங்கம்மா பாக்கறாங்க."

"எதைப் பாத்தாலும் சரி. கடைசியில எல்லாம் என்ற தலையிலதான் வந்து விடியும்."

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சௌந்திரத்தின் பல்லைப் பார்த்த நாளிலிருந்து, வள்ளியாத்தாள் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு சாம்பல் தின்றவள் என்று பங்காளி வீடுகளில் பேச்சு. ஆத்திரமாகப் பேசுகிறபோது கவுண்டரே இரண்டொரு தடவை அதைச் சொல்லியிருக்கிறார்.

யுத்தம் வந்த பிறகு பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்ஸின் பின்புறம் கரியடுப்பு ஒன்றைக் கட்டி, அதன் புகையில் வண்டியை ஓட்டினார்கள். ஓட்டம் என்று சொல்ல முடியாது. நடந்து போகிற ஆட்டுக்காரன் வெகு நேரம் கூடவே வந்தான். சோளக்காடும் கடலைக்காடும் பனைகளும் அவசரமில்லாமல் பின்னுக்குப் போயின. தூரத்தில் கொல்லிமலை நீலமாக, இடம் மாறாமல், இவர்களோடேயே சேலத்துக்கு வருவதுபோல வந்தது. அப்பாவுக்குத் துணையாக வந்த சௌந்திரம் கண்ணைத் திறந்தபடியே பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

பின் வரிசையில், அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் ஆராயி உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு ஒதுக்கமான சேரி கீழ்வளவு; அந்தக் கீழ்வளவுக்காரி, கவுண்டர் காட்டில் களை வெட்டுகிறவள். கவுண்டரைவிட ஒரு வயது மூத்தவள். அவளையும் ஜானகியம்மாள்தான் வரச் சொல்லியிருந்தார்.

"எனக்கு ஒரு சீக்கும் இல்லீங்களே சாமி" என்று ஆராயி அன்றைக்கே மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அதனாலதான் உங்களை வரச் சொல்றேன்" என்று அந்த அம்மாள் பதில் சொல்லிவிட்டுப் போனார். அது என்ன பதில் என்று கீழ்வளவு முழுக்கப் பேசிப் பார்த்தும் யாருக்கும் விளங்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியின் மிளகாய் நெடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதன் ஹாலில்தான் மாநாடு. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, பகலையே இருட்டாக்கி வைத்திருந்தார்கள். உள்ளே முப்பத்தைந்து பேருக்கு மேல் இருக்காது. கோட்டுகள், தலைப்பாகைகள், இரண்டு வெள்ளைக்காரர்கள். ஒன்றரை நாள்தான் மாநாடு. ஆளுக்கு இருபது நிமிஷம். பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜை மணி கிணுங்கினால், எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும்.

பேச்செல்லாம் இங்கிலீஷில். சௌந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஜானகியம்மாள் அவள் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இருட்டும், சுவரில் படம் காட்டுகிற மாஜிக் லாந்தரின் சூட்டு வாசனையும், புரியாத பேச்சுக்கு நடுவில் கேட்ட அந்தத் தணிந்த குரலும் சேர்ந்து, தான் விழித்திருக்கிறோமா என்றே சௌந்திரத்துக்குச் சந்தேகமாக இருந்தது.

"இந்த வியாதியைக் கண்டுபிடிச்சே நாலஞ்சு வருஷம்தாம்மா ஆகுது. நம்ம ராஜதானியில இப்பத்தான் ஒவ்வொரு ஊரா தெரிய வருது. ஆளுக்குக் கொஞ்சம் தெரியும். அதையெல்லாம் ஒண்ணா வச்சுப் பாக்கத்தான் கூடியிருக்கோம்."

"முழுசாத் தெரிஞ்சவங்க யாருங்க?"

"யாரும் இல்லை."

சௌந்திரத்துக்கு அது விசித்திரமாக இருந்தது. கொன்னக்காட்டில் தெரியாது என்று சொல்கிற பெரிய மனிதரை அவள் கண்டதில்லை. இங்கே கோட்டுப் போட்டவர் ஒருவர் எழுந்து ஏதோ கேட்க, பேசிக்கொண்டிருந்தவர் கையை விரித்துத் தலையாட்டுகிறார். யாரும் அவரைக் குறைவாகப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்து எழுதிக்கொள்கிறார்கள்.

அப்போது சுவரில் ஒரு படம் விழுந்தது. வாசற்கதவு உயரத்துக்கு ஒரு பிள்ளையின் வாய். திறந்த வாய். சுண்ணாம்புத் திட்டும் காவிக் கோடுமாகப் பல்.

சௌந்திரம் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தன் வாயைத்தான் யாரோ திருடிச் சுவரில் போட்டுவிட்டார்கள் என்று ஒரு கணம் நினைத்தாள்.

"இது யாருங்க?"

"யாரோ ஒரு பையன். இங்கேருந்து முந்நூறு மைலுக்கு அந்தண்டை."

அடுத்த படம். இன்னொரு வாய். அதே பல். அடுத்தது, அதற்கடுத்தது. யார் பெற்ற பிள்ளைகளோ, எல்லோரும் அவள் பல்லை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பையனோட அம்மாவும் சாம்பல் தின்னாங்களா?"

"சாம்பலா?" ஜானகியம்மாளுக்குப் புரியவில்லை. சௌந்திரம் முணுமுணுப்பாக எல்லாவற்றையும் சொன்னாள்.

"இல்லம்மா. உங்க அம்மா ஒண்ணும் பண்ணலை. கிணத்துத் தண்ணி. பாறைக்குள்ள ஒரு உப்பு இருக்கு. தண்ணியில கரைஞ்சு வருது. நாக்குக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. சின்ன வயசுல குடிச்சா பல்லு இப்படி முளைக்கும். பல வருஷம் குடிச்சா எலும்புல ஏறிடும்."

"அம்மாவுக்குப் பல்லு நல்லா இருக்குதுங்களே."

"அவங்க எந்த ஊர்ல பிறந்தவங்க?"

"பரமத்திப் பக்கமுங்க."

"அந்தத் தண்ணி குடிச்சு முளைச்ச பல்லு."

மணி கிணுங்கியது. ஜன்னல் துணி ஒன்றை விலக்கினார்கள். மேடையில் இருந்த டாக்டர் சுவாமிநாதன் ஜானகியம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்தான் இந்த மாநாட்டைக் கூட்டியவர்.

"உன் பல்லையும் காட்ட முடியுமான்னு கேக்கறார். இஷ்டமில்லைன்னா வேண்டாம்" என்றார் ஜானகியம்மாள்.

அம்மா சொன்னது நினைவிருந்தது. ஆனால் அந்தப் பையன்களெல்லாம் காட்டிவிட்டார்களே என்று தோன்றியது. சௌந்திரம் எழுந்து போனாள். தண்ணீருக்குள் நடப்பதுபோலக் கால் கனமில்லாமல் இருந்தது. முப்பத்தைந்து பேருக்கு முன்னால் வாயைத் திறந்தாள். முன் வரிசையில் நரைத்த தலைக்காரர் ஒருவர் எழுந்து கிட்டே வந்து, கண்ணாடியை மேலேற்றிப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோலவும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிவிட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு கவுண்டரையும் ஆராயியையும் கூப்பிட்டார்கள்.

இரண்டு நாற்காலி பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தது. கவுண்டர் ஒன்றில் உட்கார்ந்தார். ஆராயி நின்றாள்.

"உக்காருங்க" என்றார் டாக்டர்.

"இருக்கட்டுமுங்க சாமி. பண்ணாடி இருக்கறாங்க."

கவுண்டரைக் கீழ்வளவில் எல்லோரும் பண்ணாடி என்றுதான் சொல்வார்கள். டாக்டர் சுவாமிநாதன் கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர் நேராக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு பேரையும் நிற்க வைத்தே பார்ப்பது என்று ஆயிற்று.

"கவுண்டரே, குனிஞ்சு தரையைத் தொட முடியுமா?"

கவுண்டர் முயன்று பார்த்தார். முழங்கால் மட்டும் மடங்கியது. முதுகு மடங்கவில்லை. நெற்றியில் வேர்த்தது.

"நீங்க தொடுங்கம்மா."

ஆராயி குனிந்தாள். உள்ளங்கை இரண்டும் தரையில் பதிந்தன. யாரோ கீழே போட்டிருந்த சாக்குக்கட்டி ஒன்று கையில் அகப்பட, அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். டாக்டர்கள் எழுதிக்கொண்டார்கள். சௌந்திரத்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுபடியும் துணியை இழுத்துவிட்டு, லாந்தரைப் போட்டார்கள்.

சுவரில் ஒரு முதுகு தெரிந்தது. கறுப்பு ஆகாயத்தில் வெள்ளையாக, தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் எழுந்து நின்றது. ஒரு எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய சந்தெல்லாம் தூர்ந்து, உருகி வழிந்த மெழுகாய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. அது அப்பா என்று தெரிந்த பிறகும் அழகாகவே இருந்தது. அதுதான் சௌந்திரத்துக்குப் பயமாக இருந்தது.

கவுண்டர் தன் முதுகைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"மருந்து என்னங்க?"

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. தமிழ் தெரியாதவர்களுக்கும் அந்தக் கேள்வி விளங்கிவிட்டது போலிருந்தது.

"இன்னிக்கு வரைக்கும் இல்லை, கவுண்டரே" என்றார் டாக்டர் சுவாமிநாதன். "இறுகினது இளகாது. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா மேற்கொண்டு இறுகாம பாத்துக்கலாம். இனிமே பொறக்கற பிள்ளைங்களுக்கு வராமலே தடுக்கலாம். தண்ணியை மாத்தணும்."

"எங்கப்பன் எம்பதடி பாறையை ஒடச்சு எடுத்த தண்ணிங்க அது. ஊருல அத்தனை ருசியான தண்ணி கெடையாது."

"அந்தப் பாறைதான் காரணம்."

லாந்தரில் கடைசிப் படம் விழுந்தது. கொன்னக்காட்டின் வரைபடம். ஏழு கிணற்றுக்கு ஏழு புள்ளி. ஆறு சிவப்பு. அவற்றில் பெரிய சிவப்பு, கவுண்டரின் பெரிய கிணறு. ஓடையோரத்தில் ஒரே ஒரு நீலப்புள்ளி, ஆழமில்லாத ஊற்றுக் கிணறு. உப்பில்லாத தண்ணீர்.

அது கீழ்வளவுக் கிணறு. கீழ்வளவுக்காரர்களைப் பெரிய கிணற்றுப் பக்கம் அண்டவிடாததால் அவர்களாகத் தோண்டிக்கொண்டது.

கவுண்டர் உடம்பு முழுவதையும் திருப்பி ஆராயியைப் பார்த்தார். ஆராயி தலையைக் குனிந்துகொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை சொல்லியும் கவுண்டர் இருக்கவில்லை. பஸ் புறப்பட்டு வெகு தூரம் வந்தது. அப்புறம் கவுண்டர், எதிர் ஸீட்டுக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"அந்த ஓடைக் கெணறு பொறம்போக்குலதான இருக்குது. மணியகாரரைப் பாத்து ஒரு பேச்சுப் பேசினாப் போதும். நம்ம பேருக்கு ஆயிரும்."

"அப்ப அவங்க எங்கீங்கப்பா போவாங்க?"

"நம்ம பெரிய கெணத்துல எடுத்துக்கட்டும். யாரு வேண்டாங்கறா?"

சொல்லிவிட்டுத் தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல ஸீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மேடு வந்தது. கரிப்புகைக்கு அந்த மேடு ஏறவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றான் கண்டக்டர். கவுண்டர் மட்டும் ஒரு புளியமரத்தடியில் நட்ட கல் மாதிரி நின்றார். சௌந்திரமும் ஆராயியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தள்ளினார்கள். வெயில் சாய்ந்து, புழுதியெல்லாம் மஞ்சளாக மிதந்தது.

"பண்ணாடி சொன்னது காதுல விழுந்துதுங்க சின்னம்மிணி" என்றாள் ஆராயி. வண்டியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல, ஆராயி."

"அது பெரிய கெணறாட்டம் இல்லீங்க. சித்திரையில வெடிய வெடியக் காத்துக் கெடந்தா ஊட்டுக்கு ரெண்டு கொடம் ஊறும். பதினெட்டுக் குடிசை. எங்க புள்ளைங்க குனிஞ்சு நிமுந்து வேலை செய்யறதுக்கு அந்தத் தண்ணிதான் காரணம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்ச அன்னிக்கே போகுதுங்களே."

வண்டி மேட்டில் ஏறிவிட்டது. இருவரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

கொன்னக்காட்டில் இறங்கியதும் முதல் வேலையாகக் கவுண்டர் ஒரு ஆளை ஊர் அதிகாரியான மணியகாரர் வீட்டுக்கு அனுப்பினார். பிறகு வீட்டுக்கு வந்து கயிற்றுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சௌந்திரம் அடுப்படிக்குப் போய் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். வாயைத் திறந்து காட்டியதையும் சொன்னாள். அம்மா அதற்குத் திட்டவில்லை. அது காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

"சாம்பல் இல்லையாமா?"

"இல்லீங்கம்மா. தண்ணிதானாம். முந்நூறு மைலுக்கு அக்கட்டயும் இதே பல்லு இருக்குது. நானே பாத்தேன்."

வள்ளியாத்தாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு வெளியே வந்து கட்டிலுக்கு எதிரே நின்றாள். புருஷனுக்கு நேர் எதிரே நின்றால்தான் அவரால் பார்க்க முடியும். பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படி நின்றது குறைவு.

"ஏனுங்க, மணியகாரரை எதுக்கு வரச் சொன்னீங்க?"

"தண்ணிக்குத்தான்."

"பத்து வருசமா என்னையச் சாம்பல் தின்னவங்கறீங்க. உங்க கெணறு செஞ்ச வேலைக்கு நான் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன். அதை நீங்க வாயால ஒத்துக்கோணும்னு நான் கேக்கல. ஆனா அவங்க கெணத்தைப் புடுங்கிக் கொண்டாந்தீங்கன்னா, அந்தத் தண்ணியில நான் ஒல வைக்க மாட்டேன்."

"பொறவு எந்தத் தண்ணியில வைப்ப?"

"கேட்டு வாங்கின தண்ணியில வைப்பேன்."

வள்ளியாத்தாள் உள்ளே போய்ப் பித்தளைக் குடத்தை எடுத்து வந்து மகள் இடுப்பில் வைத்தாள்.

"போயிக் கேளு, அம்மிணி."

பொழுது சாய்கிற நேரம். ஓடைமணலில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. கிணற்றைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஆராயி சேலத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள் போலும். பித்தளைக் குடத்தோடு சௌந்திரத்தைக் கண்டதும் பேச்சு நின்றது. எல்லோரும் நாலடி விலகினார்கள். அந்தக் கிணறு ஒன்றரை ஆள் ஆழம். அடியில் ஆகாயத்தின் கடைசி வெளிச்சம் கொஞ்சம் கிடந்தது.

"தண்ணி கேக்கறதுக்கு வந்தேன்" என்றாள் சௌந்திரம். "எடுக்கறதுக்கு இல்ல. கேக்கறதுக்கு."

ஓரமாக உட்கார்ந்திருந்த ஆராயியின் புருஷன் கந்தன் பதறி எழுந்தான். "ஒரு கொடம் எடுத்துக்கோங்க சாமி. அதுக்கென்னங்க."

"சித்த இரு" என்றாள் ஆராயி. "ஒரு கொடமா கேக்கறாங்க? தெனமும் வேணும். வருசம் பூரா வேணும். பங்காளி ஊட்டுக்காரங்களும் நாளைக்கு வருவாங்க." அவள் சௌந்திரத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் நேருக்கு நேராகப் பார்க்கிறாள். "இதுக்கு நான் ஒருத்தி பதில் சொல்ல முடியாதுங்க சின்னம்மிணி. நாளைக்கு வெடியால வேலைக்குப் போறதுக்கு முன்னால எல்லாரும் கூடுவோம். பேசிச் சொல்றோம்."

சௌந்திரம் தலையாட்டினாள். மத்தியானத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆராயி அதைக் கண்டுகொண்டு, சொம்பில் மொண்டு வந்தாள். அதைக் கையில் கொடுக்கத் தயங்கினாள். சௌந்திரம் இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

சேற்று வாசம் அடித்தது. பெரிய கிணற்றுத் தண்ணீரின் ருசி இதில் இல்லை. கை நிறைய நிறையக் குடித்தாள்.

வெறுங்குடத்தோடு திரும்பி வந்தபோது அப்பா கட்டிலிலேயே இருந்தார். அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க தண்ணி?"

"கேட்டிருக்கறேனுங்கப்பா. நாளைக்கு வெடியாலக் கூடிப் பேசிச் சொல்றாங்களாம்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கீழ்வளவிலிருந்து பதில் வரட்டும் என்று இந்த வீடு எப்போதாவது காத்திருந்ததாகச் சௌந்திரத்துக்கு நினைவில்லை. அப்பா எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தார். அந்தச் சுவரில் ஒன்றுமில்லை, சுண்ணாம்புதான்.

"வெடியாலன்னா எத்தனை மணிக்கு?"

"வேலைக்குப் போறதுக்கு முன்னாலயாமுங்க."

"மணியகாரரு ஏழு மணிக்கு வாரேன்னு சொல்லி அனுப்பியிருக்கறாரு" என்றார். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்து, உடம்பு முழுவதையும் மெல்லத் திருப்பி மகளைப் பார்த்தார்.

"அதுக்குள்ள அவங்க சொல்லிருவாங்களா, அம்மிணி?"